கரும் பைன் போன்சாய்: விதையிலிருந்து கிளையமைப்பு வரை

பைன் மரத்தைப் போன்சாயாக வளர்க்க ஆசை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "எந்தப் பைன்?" என்றுதான். அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் ஜூன் மாதத்தில் நீங்கள் செய்யப்போகும் ஒரு வேலை மரத்தை அழகாக்கும், இல்லையென்றால் படுக்க வைத்துவிடும்.

ஜப்பானில் போன்சாய்க்கு முக்கியமான பைன்கள் மூன்று. குரோமாட்சு எனும் கரும் பைன், அகாமாட்சு எனும் செம்பைன், கோயோமாட்சு எனும் ஐந்தூசிப் பைன். முதல் இரண்டிலும் ஒரு கொத்துக்கு இரண்டு ஊசிகள். மூன்றாவதில் பெயரிலேயே இருக்கிறது, ஐந்து. கரும் பைன் கடற்கரை மரம். உப்புக் காற்றும் மணலும் அதற்குப் பழக்கம். ஊசி தடித்து, கையைக் குத்தும். குளிர்கால மொட்டு வெள்ளையாக இருக்கும். செம்பைனின் ஊசி மெலிந்தது, மொட்டும் மேல்பட்டையும் செம்மை. ஐந்தூசிப் பைன் மலைமரம், நிதானமாக வளரும். வாஷிங்டனில் உள்ள அமெரிக்க தேசிய மரத்தோட்டத்தில் ஒரு ஐந்தூசிப் பைன் இருக்கிறது. 1625 முதல் தொட்டியில் வளர்ந்து, 1945-ல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது யமாகி குடும்பத்தின் தோட்டத்தில் இருந்து பிழைத்து, 1976-ல் பரிசாக அமெரிக்கா போன மரம்.

நமக்கு இங்கே முக்கியமான வேறுபாடு வேறு. கரும் பைனிலும் செம்பைனிலும் வசந்தத்தில் வரும் குருத்தை அடியோடு வெட்டினால், அதே ஆண்டில் இரண்டாம் முறை துளிர்க்கும். ஐந்தூசிப் பைனை அப்படி நம்ப முடியாது. கரும் பைனுக்கு எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு ஐந்தூசிப் பைனை வெட்டியவர்களின் மரங்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே முதலில் ஒரு கொத்தைப் பிடுங்கி ஊசிகளை எண்ணுங்கள்.

இந்த வழிகாட்டி முழுக்கக் கரும் பைனுக்கு. நான் குடியிருப்பது ஷிகோக்குத் தீவில், ககாவா மாநிலத்தின் தகமாட்சு நகரில். ஜப்பானின் பைன் போன்சாய்களில் ஏறத்தாழ 80 சதவீதம் இந்த நகரத்தின் கினாஷி, கொக்குபுஞ்சி ஆகிய இரண்டு பகுதிகளிலிருந்துதான் போகிறது. நம் ஊரில் கத்தரிக்காய் பாத்தி போட்டிருப்பது போல இங்கே வயலில் வரிசை வரிசையாகப் பைன் நின்றுகொண்டிருக்கும். மழை குறைந்த மாநிலம். பாசனத்துக்கு வெட்டிய குளங்கள் பத்தாயிரத்துக்கு மேல். சிவகங்கைச் சீமையில் கண்மாய்க் கரையில் வளர்ந்த எனக்கு வந்த முதல் வாரமே இந்த ஊர் ஒட்டிவிட்டது. கினாஷியில் வயல் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் சனி, ஞாயிறுகளில் கைவேலைக்குப் போய்க் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பலம் எங்கே போகிறது

பைன் வேலைகள் பத்துப் பதினைந்து இருக்கும். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்: மரத்தின் பலத்தைப் பங்கிடுவது.

பைன் வெளிச்சத்துக்கு ஏங்கும் மரம். தன் பலத்தையெல்லாம் உச்சிக்கும் கிளைநுனிகளுக்கும் அனுப்பும். கீழ்க்கிளையும், தண்டை ஒட்டிய உள்கிளையும் பட்டினி கிடந்து சில ஆண்டுகளில் காய்ந்து விழும். காட்டில் அது சரி. தொட்டியில் இரண்டடி உயரத்தில் ஒரு பெரிய மரத்தின் தோற்றம் வேண்டுமென்றால் கீழ்க்கிளைதான் உயிர். அது போனால் மறுபடி வராது.

ஏன் வராது? ஆல், அத்தி, புளி இவற்றில் மொட்டைக் கிளையை வெட்டினாலும் பட்டையைப் பிளந்துகொண்டு துளிர் வரும். பைனில் துளிர் பெரும்பாலும் ஊசி இருக்கும் இடத்திலிருந்துதான் வரும். பழுத்த மரப்பகுதியிலிருந்து வருவது அபூர்வம். பச்சை ஊசி ஒன்றுகூட இல்லாமல் வெட்டப்பட்ட கிளை செத்த கிளை. ஆகவே கத்தரியை எடுக்கும் ஒவ்வொரு முறையும், வெட்டுக்குக் கீழே ஊசி இருக்கிறதா என்று பாருங்கள். இதை மட்டும் மறக்காமல் இருந்தாலே பாதி மரங்கள் பிழைக்கும்.

உங்கள் ஊரில் வளருமா

சமவெளித் தமிழ்நாட்டில் வேண்டாம் என்பதுதான் என் நேர்மையான பதில். கரும் பைனுக்கு ஓய்வெடுக்க ஒரு குளிர்காலம் வேண்டும். சென்னையிலோ மதுரையிலோ ஒன்றிரண்டு ஆண்டு பச்சையாக நிற்கலாம். ஓய்வே இல்லாமல் துளிர்த்துத் துளிர்த்துக் களைத்துவிடும். ஊட்டி, கொடைக்கானல், குன்னூர் பக்கம் இருப்பவர்கள் விதையிலிருந்து முயன்று பார்க்கலாம். ஆனால் ஜூன், ஜூலையில் அங்கே தென்மேற்குப் பருவமழை. இங்கே சொல்லும் தேதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், உங்கள் மரம் எப்போது துளிர்க்கிறது, எப்போது நிற்கிறது என்று ஓராண்டு கவனித்துவிட்டுக் கத்தரியை எடுங்கள்.

நம் மலைகளில் ஏற்கெனவே நிற்கும் பைன்கள் வேறு இனம். மெக்சிகோவிலிருந்து வந்த பட்டூலா, இமயத்துச் சிர் பைன் போன்றவை. கொத்துக்கு மூன்று ஊசி, ஒரு சாண் நீளம். சின்ன மரத்தில் அந்த ஊசி பொருந்தாது. வனத்துறை நிலத்தில் கன்று பிடுங்குவது குற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து செடியைப் பெட்டியில் மறைத்துக் கொண்டுவருவதும் அப்படித்தான். தாவர நோய்ச் சோதனை அனுமதி இல்லாமல் வரும் மண்ணில் என்ன வருகிறது என்று யாருக்கும் தெரியாது.

சமவெளிக்காரர்களுக்கு நான் சொல்வது சவுக்கு. நம் கடற்கரை மரம், ஊசி போன்ற மெல்லிய கிளை, பட்டை சீக்கிரம் வெடித்து முதிர்ந்த தோற்றம் தரும். இந்தோனேசியாவில் சவுக்குப் போன்சாய்க்குப் பெரிய மரியாதை. பைனைவிட நிறையத் தண்ணீர் கேட்கும், நுனி கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். கீழே வடிவத்தைப் பற்றியும் கம்பியைப் பற்றியும் சொல்வது அதற்கும் பெரும்பாலும் பொருந்தும். குருத்து வெட்டு மட்டும் பொருந்தாது.

விதையும் நாற்றும்

விதையை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப் போடுங்கள். மிதப்பது உள்ளீடு இல்லாத சாவி, எறிந்துவிடுங்கள். மூழ்கியதை ஈர மணலில் கலந்து பிளாஸ்டிக் பையில் கட்டி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒன்று, ஒன்றரை மாதம் வையுங்கள். குளிர்காலம் கழிந்துவிட்டது என்று விதையை நம்ப வைக்கத்தான் இது. மார்ச்சில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்தால் ஏப்ரலில் முளைக்கும். தலையில் விதைத்தொப்பியைச் சுமந்துகொண்டு எழும்பி, தொப்பி விழுந்ததும் விதையிலைகள் குடைபோல விரியும்.

அப்போதுதான் முதல் முக்கிய வேலை. விதையிலைகளுக்கு நடுவே உண்மையான ஊசிகள் எட்டிப் பார்க்கும்போது, தண்டு இன்னும் கீரைத்தண்டு போல இளசாக இருக்கும். ஒரு புதுச் சவரப் பிளேடால், விதையிலைக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே நேராக வெட்டிவிடுங்கள். ஆணிவேர் மொத்தமும் போய்விடும். வெட்டுமுனையை வேர்ப்பிடிப்பு ஊக்கித் தூளில் தொட்டு, ஈரமான பருமணலில் குச்சியால் துளை போட்டு நடுங்கள். நிழலில், காற்றடிக்காத இடத்தில் ஒன்றரை மாதம். வெட்டிய வட்டத்தைச் சுற்றிலும் எல்லாப் பக்கமும் வேர் கிளம்பும்.

எதற்கு இத்தனை பாடு என்றால், பைனின் ஆணிவேர் ஒன்றே ஒன்று, நேராகக் கீழே போகும். போன்சாயில் தண்டடியில் வேர்கள் சூரியக் கதிர் போல நாலாபக்கமும் விரிந்து மண்ணைப் பிடித்திருக்க வேண்டும். முப்பது வயதில் அதைச் சரிசெய்ய முடியாது. முப்பது நாளில் சரிசெய்துவிடலாம். கொஞ்சம் நாற்றுகள் சாகும். இருபது வேண்டுமென்றால் நாற்பது விதையுங்கள்.

இத்தனை பொறுமை இல்லாதவர்கள் நாற்றங்காலில் மூன்று, ஐந்து வயதுக் கன்றாக வாங்கலாம். வாங்கும்போது மேல் அழகைப் பார்க்காதீர்கள். மண்ணை விரலால் விலக்கி வேரடியைப் பாருங்கள். அடுத்ததாகத் தண்டுக்குப் பக்கத்தில், கீழே, உயிருள்ள கிளை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் மற்றதைக் காலம் தரும்.

தண்டு தடிக்கும் ஆண்டுகள்

இரண்டு, மூன்று வயதில் தண்டு பென்சிலைவிட மெலிந்திருக்கும்போதே கம்பி சுற்றி வளைத்துவிடுங்கள். வளைவு ஒரே திசையில் பாம்பு போல இருக்கக்கூடாது. இடம், வலம், முன், பின் என்று திரும்பித் திரும்பிப் போகட்டும். கீழே வளைவுகள் நெருக்கமாகவும் கூர்மையாகவும் இருக்கட்டும், ஏனென்றால் தடிக்கத் தடிக்க வளைவு மழுங்கிவிடும்.

அதன் பிறகு மரத்தை ஓட விட வேண்டும். பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். மூன்று வயதுக் கன்றை அழகான சின்னத் தொட்டியில் வைத்துக் கிள்ளிக்கொண்டே இருந்தால் அது இருபது வயதிலும் குச்சியாகவே நிற்கும். தண்டைத் தடிக்க வைப்பது ஊசிதான். எத்தனை ஊசி மேலே ஓடுகிறதோ அத்தனை கட்டை கீழே சேரும். ஆகவே பின்னாளில் நமக்கு வேண்டிய சிறு கிளைகளைக் கீழே காப்பாற்றிக்கொண்டு, உச்சியில் ஒரு கிளையை மட்டும் வெட்டாமல் ஆறடி வரைகூட விட்டுவிடுவார்கள். இதைத் தியாகக்கிளை என்று சொல்லலாம். ஐந்து, எட்டு ஆண்டுகள் அது உழைத்துத் தண்டைத் தடிக்கச் செய்யும். ஒரு நாள் அதை அடியோடு அறுத்து எடுப்பார்கள். கினாஷி வயல்களைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்குப் பராமரிப்பே இல்லாத காடு போலத் தெரிவது இதனால்தான். அந்தத் தியாகக்கிளையின் கீழ்ப்பகுதி ஊசிகளை மட்டும் அவ்வப்போது பிடுங்கி, கீழே இருப்பவற்றுக்கு வெயில் விழச் செய்ய வேண்டும்.

நிலம் இல்லாதவர்கள் அரிசி களையும் பிளாஸ்டிக் சல்லடைக் கூடையில் வளர்க்கலாம். இங்கேயும் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். வேர்நுனி ஓட்டை வழியே காற்றைத் தொட்டதும் நின்று, உள்ளே கிளைவிடும். தொட்டிக்குள் வட்டமாகச் சுற்றிச் சிக்காது.

மண்ணும் மாற்றி நடுதலும்

பைன் வேருக்குத் தண்ணீரைவிடக் காற்று முக்கியம். இங்கே அகாடாமா எனும் சிவந்த களிமண் உருண்டை, எரிமலை நுரைக்கல், ஆற்றுப் பருமணல் மூன்றையும் கலக்கிறார்கள். விகிதம் ஆளுக்கு ஆள் மாறும். மாறாதது சலிப்பது. மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர் அளவுள்ள மணிகள் மட்டும் தொட்டிக்குள் போக வேண்டும், தூசி ஒரு சிட்டிகைகூடக் கூடாது. நம் ஊரில் உடைத்த செங்கல்லையும் பருமணலையும் சலித்துக் கழுவிக் கலந்தால் வேலை நடக்கும். செம்மண்ணும் தொழுவுரமும் கலந்த வழக்கமான தொட்டிக் கலவை பைனுக்கு ஆகாது.

மாற்றி நடுவது மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கத்துக்குள், மொட்டு நீளத் தொடங்கும் நேரத்தில். இளம் மரத்துக்கு இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒரு முறை; முதிர்ந்ததற்கு நான்கு, ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை. தொட்டியிலிருந்து வேர்க்கட்டியை எடுத்ததும் வெள்ளையாகப் பஞ்சு படர்ந்தது போல இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் பூஞ்சண நோய் என்று பயந்து கழுவிவிடுவார்கள். கழுவாதீர்கள். அது வேரோடு கூட்டு வாழும் பூசணம். வேருக்கு எட்டாத நீரையும் சத்தையும் கொண்டுவந்து கொடுத்து, பதிலுக்குச் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். நல்ல பைனின் அடையாளமே அதுதான். பழைய மண்ணில் மூன்றில் ஒரு பங்காவது வேரோடு விட்டுவிடுங்கள். ஒரு முறை இடப்பக்கம், அடுத்த முறை வலப்பக்கம் என்று பாதிப்பாதியாக மண் மாற்றுவது பாதுகாப்பு.

நட்டதும் தொட்டி ஓட்டை வழியே கம்பி விட்டு மரத்தை அசையாமல் கட்டுங்கள். புதுவேர் நூல் போன்றது. காற்றில் மரம் ஆடினால் அறுந்துவிடும்.

தொட்டி என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டுமானால் தகமாட்சுவின் ரிட்சுரின் தோட்டத்துக்கு வர வேண்டும். 1833-ல் அன்று ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகன் தோக்குகாவா இயெனாரி இந்தப் பகுதியின் பிரபுவுக்கு ஒரு ஐந்தூசிப் பைன் போன்சாயைப் பரிசளித்தார். அதைத் தரையில் நட்டுவிட்டார்கள். இன்று அது ஏறக்குறைய 8 மீட்டர் உயரத்தில், அண்ணாந்து பார்க்கும்படி நிற்கிறது. போன்சாய் என்பது குள்ள இனம் இல்லை என்று நான் யாருக்கும் விளக்குவதில்லை, அந்த மரத்தின் கீழே கூட்டிக்கொண்டு போய் நிறுத்திவிடுகிறேன்.

தண்ணீரும் உரமும்

தண்ணீர் ஊற்றக் கற்க மூன்று ஆண்டு என்று இங்கே ஒரு சொலவடை உண்டு. மேல்மண் காய்ந்து நிறம் வெளுத்ததும், அடித்துளையில் தண்ணீர் ஓடி வரும்வரை ஊற்றுங்கள். அடுத்ததை மறுபடி காய்ந்த பிறகு. வசந்தத்தில் நாளுக்கு ஒரு முறை, கோடையில் இரண்டு முறை, குளிர்காலத்தில் இரண்டு, மூன்று நாளுக்கு ஒரு முறை என்பது தோராயக் கணக்குதான். சந்தேகம் வந்தால் ஒரு விளக்குமாற்றுக் குச்சியை மண்ணில் செருகி வைத்து, உருவிப் பாருங்கள். குச்சியின் ஈரம் பொய் சொல்லாது. நாள் முழுக்க வெயில் படும் இடம் வேண்டும். வீட்டுக்குள் வைத்த பைன் உயிர்வாழாது.

உரம் என்றால் இங்கே கடுகு இன விதைப் பிண்ணாக்கை எலுமிச்சையளவு உருட்டி மண்மேல் வைப்பார்கள். நம் கடலைப் பிண்ணாக்கும் வேப்பம் பிண்ணாக்கும் அந்த வேலையைச் செய்யும். மார்ச் கடைசியிலிருந்து ஜூன் வரை தாராளமாகக் கொடுக்க வேண்டும். குருத்து வெட்டும் அன்று உருண்டைகளையெல்லாம் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் மறுபடி வைத்து நவம்பர் வரை. இந்த இடைவெளிதான் ஊசியின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. புதுத்துளிர் ஊசி விடும் வாரங்களில் உரம் இருந்தால் ஊசி விளக்குமாறாக நீளும்.

குருத்து வெட்டு

இனிமேல்தான் கரும் பைனின் தனி வித்தை. ஜப்பானியர் மெகிரி என்பார்கள்.

வசந்தத்தில் ஒவ்வொரு நுனியிலும் வெள்ளை மொட்டு நீண்டு மெழுகுவர்த்தி போல நிமிரும். நான் குருத்து என்றே சொல்கிறேன். தென்னங்குருத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லே படம் காட்டிவிடும். ஜூனில் அது விரல் நீளமாகி, பக்கமெல்லாம் ஊசி பிரிந்து நிற்கும். அப்படியே விட்டால் ஊசி பத்து சென்டிமீட்டரைத் தாண்டும், இரண்டு கணுவுக்கு நடுவே தூரம் கூடும், இரண்டடி மரத்தில் அளவு கெட்டுவிடும். அதை அடியோடு வெட்டினால் வெட்டின இடத்தைச் சுற்றிப் புதிய மொட்டுகள் வரும். குருத்தின் நுனியில் சுரக்கும் ஆக்சின் எனும் வளர்ச்சி ஊக்கிதான் அடியில் உறங்கும் மொட்டுகளை எழவிடாமல் அடக்கி வைத்திருந்தது. நுனி போனதும் தடை விலகுகிறது. இலையுதிர்காலத்துக்கு முன் அவற்றுக்குக் கிடைப்பது மூன்று மாதம் மட்டும், ஆகவே ஊசி குட்டையாகவே நின்றுவிடும். ஒரு நுனி இருந்த இடத்தில் இரண்டு, மூன்று நுனி. ஊசி பாதி நீளம். ஒரே வெட்டில் இரண்டு லாபம்.

தேதி முக்கியம். எங்கள் ஊரில் பெரிய மரத்துக்கு ஜூன் நடு, நடுத்தர மரத்துக்கு ஜூன் கடைசி, உள்ளங்கை அளவு மரத்துக்கு ஜூலை முதல் வாரம் தாண்டியும். தள்ளி வெட்டினால் ஊசி குட்டை, முந்தி வெட்டினால் நீளம். உங்கள் ஊரில் வளர்ச்சி எப்போது நிற்கிறது என்று பார்த்து, அதிலிருந்து நூறு நாள் பின்னால் எண்ணிக்கொள்ளுங்கள்.

ஒரு குருத்தைக் கையில் எடுத்துச் சொல்கிறேன். இடக்கை இரண்டு விரலால் போன ஆண்டின் கரும்பச்சை ஊசிகளைக் கீழே ஒதுக்குங்கள். அவற்றுக்கு மேலே இளம்பச்சைக் குருத்து தொடங்கும் கோடு தெரியும். ஊசியே இல்லாத வழவழப்பான ஒரு கழுத்து அது. கூர்மையான சின்னக் கத்தரியை அந்தக் கழுத்தில் கிடைமட்டமாக வைத்து, ஒரே கடியில் வெட்டுங்கள். சாய்த்து வெட்டினால் மொட்டுகள் ஒரு பக்கமாக மட்டும் வரும். வெட்டுவாயில் கண்ணீர்த்துளி போலப் பிசின் திரளும். அதன் வாசனை கையில் இரண்டு நாள் இருக்கும். பழைய ஊசிகள் ஒன்றுகூட நறுக்கப்படாமல் இருக்க வேண்டும், நறுக்கின ஊசி நுனி பழுத்துக் குளிர்காலம் முழுக்கக் கண்ணை உறுத்தும்.

இதே வெட்டில்தான் பலத்தைப் பங்கிடும் வேலையும் நடக்கிறது. இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டி, வலுவான உச்சிக் குருத்துகளில் மட்டும் ஒரு சென்டிமீட்டர் வரை அடிக்கட்டையை விட்டு வைப்பது. அந்தக் கட்டை மொட்டு வருவதைச் சில நாள் தாமதப்படுத்தும். நடுத்தரக் குருத்துக்கு அரை சென்டிமீட்டர், நோஞ்சானுக்கு அடியொட்ட. இன்னொன்று, நோஞ்சான் குருத்துகளை முதலில் வெட்டி, பத்து நாள் கழித்து வலுவானவற்றை வெட்டுவது. இரண்டிலும் நோக்கம் ஒன்றே. பலவீனமானவனுக்குப் பந்தயத்தில் முன்கூட்டிப் புறப்பட இடம் கொடுப்பது. கைப்பழக்கம் வரும்வரை இரண்டாவது முறையைத்தான் நான் சொல்வேன், முதல் வெட்டுக்குப் பிறகு மரத்தைப் பார்த்து யோசிக்கப் பத்து நாள் கிடைக்கிறது. மிகவும் நலிந்த உள்கிளைக் குருத்தை வெட்டவே வேண்டாம், அது வளர்ந்துகொள்ளட்டும்.

எந்த மரத்தை வெட்டக்கூடாது என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். அந்த ஆண்டு வேரை வெட்டி மாற்றி நட்ட மரம், ஊசி மஞ்சளித்த மரம், உரம் சரியாகப் போடாத மரம், தண்டு தடிக்கக் காத்திருக்கும் இளம் மரம். எனக்குச் சொந்தமான முதல் கரும் பைனை மார்ச்சில் மாற்றி நட்டு, ஜூனில் எல்லோரும் வெட்டுகிறார்களே என்று நானும் வெட்டினேன். ஆகஸ்டில் உச்சியில் மட்டும் மொட்டு வந்தது. வலப்பக்க அடிக்கிளை அக்டோபரில் செம்பழுப்பாகிப் போனது. பெரியவர் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல், கிளை போன இடம் பின்னால் வரும்படி தொட்டியைத் திருப்பி வைத்தார். இன்றும் அந்த மரம் அந்த முகத்தோடுதான் நிற்கிறது. செம்பைன் கரும் பைன் அளவுக்கு வலுவில்லாதது. அதை ஓராண்டு விட்டு ஓராண்டு வெட்டினால் போதும்.

மொட்டுக் குறைப்பும் ஊசி பிடுங்கலும்

வெட்டி மூன்று, நான்கு வாரத்தில் கழுத்தைச் சுற்றிக் கடுகு போல மொட்டுகள் தெரியும். சில இடத்தில் ஐந்து, ஆறுகூட. செப்டம்பர் வாக்கில் அவற்றை இரண்டாகக் குறைக்க வேண்டும். பக்கவாட்டில் எதிரெதிராக இருக்கும் இரண்டை வைத்துக்கொண்டு, மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் இருப்பவற்றைச் சாமணத்தால் எடுத்துவிடுங்கள். உச்சியில் இருக்கும் மொட்டுகளில் நடுத்தரமான இரண்டையும், அடிக்கிளையில் வலுவான இரண்டையும் வைக்க வேண்டும். ஒரே இடத்தில் மூன்று, நான்கு கிளையாக விட்டால் சில ஆண்டுகளில் அந்தக் கணு முழங்கால் வீங்கியது போல உருண்டுவிடும்.

நவம்பர் கடைசியில் குளிர் இறங்கியதும் பழைய ஊசிகளைப் பிடுங்கும் வேலை. கினாஷியில் இந்த நாட்களில் வீட்டு முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டு குடும்பமே உட்கார்ந்து ஊசி பிடுங்குவதைப் பார்க்கலாம். ஊசி நீளும் திசையிலேயே, நுனியை நோக்கி இழுக்க வேண்டும். பின்னோக்கி இழுத்தால் பட்டை உரிந்து வரும். போன ஆண்டு ஊசிகளை எடுத்துவிட்டு, இந்த ஆண்டின் ஊசிகளிலும் உச்சியில் ஐந்து, ஆறு ஜோடி, நடுவில் ஏழு, எட்டு, அடிக்கிளையில் பத்து, பன்னிரண்டு என்று விட்டுவைக்க வேண்டும். ஊசிதான் பலம். எங்கே அதிகம் விடுகிறோமோ அங்கே அடுத்த வசந்தத்தில் குருத்து தடிக்கும். வெயிலும் காற்றும் உள்ளே புகுவதால் செதில் பூச்சியும் அசுவினியும் ஒளிய இடமும் குறையும்.

பூச்சி பற்றி அவ்வளவு போதும். ஊசி திடீரென்று மொத்த மரத்திலும் வெளிறி, ஒரு கோடைக்குள் செம்பழுப்பாகிச் சாவது வேறு விஷயம். வண்டு சுமந்து வரும் நுண்புழு அது. ஜப்பான் முழுக்கப் பைன் காடுகளை அழித்தது அதுதான். வந்த மரத்துக்கு வைத்தியம் கிடையாது. உடனே எரித்துவிட வேண்டும்.

கம்பியும் வடிவமும்

ஊசி பிடுங்கி முடித்த மரம் எலும்புக்கூடு போலத் தெளிவாகத் தெரியும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை கம்பி கட்டும் காலம். தீயில் பழுக்கக் காய்ச்சி ஆறவைத்த செம்புக்கம்பிதான் பைனுக்குச் சரி. சுற்றும்போது நூல் போல வளையும், ஒரு முறை வளைத்துவிட்டால் இறுகிவிடும். பழகும் கைக்கு அலுமினியக் கம்பி போதும். கம்பியின் தடிமன் கிளையின் மூன்றில் ஒரு பங்கு. நாற்பத்தைந்து பாகைச் சாய்வில், சம இடைவெளியில், பட்டையை ஒட்டி, அழுத்தாமல் சுற்றுங்கள். ஒரு கம்பியால் அருகருகே உள்ள இரண்டு கிளைகளைக் கட்டினால் ஒன்றுக்கொன்று நங்கூரமாகும். ஊசி கம்பிக்கு அடியில் சிக்கக்கூடாது.

வளைக்கும்போது இரண்டு கட்டைவிரலையும் வளைவின் உட்புறம் வைத்து, கொஞ்சம் முறுக்கியபடி வளையுங்கள். மெதுவாக. நெட்டி முறியும் சத்தம் லேசாக வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பாதி கிழிந்த பைன் கிளை ஒட்டிக்கொள்ளும், முழுக்க ஒடிந்தது ஒட்டாது.

என்ன வடிவம் என்ற கேள்விக்கு, முதலில் கடற்கரைப் பைனைப் பாருங்கள் என்பதுதான் என் பதில். பழைய மரத்தின் கிளை மேல்நோக்கிப் போகாது. தன் பாரத்தாலும் காற்றாலும் தண்டிலிருந்து கிளம்பியதுமே கீழே இறங்கி, நுனியில் மட்டும் வெயிலை நோக்கி நிமிரும். ஆகவே அடிக்கிளையை நன்றாக இறக்குங்கள், நடுக்கிளையைக் கொஞ்சம் குறைவாக, உச்சியில் ஏறக்குறையக் கிடைமட்டமாக. முதல் கிளை தண்டின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், வளைவின் வெளிப்பக்கத்திலிருந்து கிளம்பினால் நல்லது. வளைவின் உட்பக்கக் கிளைகளும், ஒரே உயரத்தில் காவடி போல எதிரெதிராக நிற்பவையும் வேண்டாம், ஒன்றை எடுத்துவிடுங்கள். பின்பக்கத்துக்கு ஒரு கிளை கட்டாயம் வேண்டும், அது இல்லாத மரம் சுவரில் ஒட்டிய படம் போலத் தட்டையாகத் தெரியும்.

ஒவ்வொரு கிளையையும் மேலிருந்து பார்த்தால் விரித்த விசிறி போலவும், பக்கத்திலிருந்து பார்த்தால் அடி தட்டையாக, மேலே மெல்லக் கூனிய மேகம் போலவும் சிறுகிளைகளைப் பரப்புங்கள். தொங்கும் ஊசிகளைக் கீழ்ப்புறத்தில் சுத்தம் செய்யுங்கள். மேகங்களுக்கு நடுவே தண்டு தெரியும் வெற்றிடம் விட வேண்டும். பழகுபவர்கள் எல்லோரும் கிளைகளை நிரப்பப் பார்க்கிறார்கள், என் கையும் அதைத்தான் செய்யும். அந்த இடைவெளியில்தான் மரத்தின் வயது தெரியும். உச்சியைப் பார்ப்பவரை நோக்கிக் கொஞ்சம் தலைகுனிந்தாற்போல முன்னால் சாயுங்கள்.

மே, ஜூனில் கிளை தடிக்கும்போது கம்பி பட்டையில் பதியத் தொடங்கும். வாரம் ஒரு முறை பாருங்கள். பதிந்தால் கம்பியைச் சுற்றிப் பிரிக்க முயலாமல், கம்பி வெட்டியால் துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள். கம்பியை மிச்சம் பிடிக்கப் போய்க் கிளையை ஒடித்தவர்கள் உண்டு. கிளை பழைய இடத்துக்கே எழும்பினால் அடுத்த குளிர்காலம் மறுபடி கட்டுங்கள்.

கடைசியாக ஒரு சின்னப் பழக்கம். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு மூங்கில் பட்டையைச் செருகி, குருத்து வெட்டிய தேதியை எழுதி வையுங்கள். டிசம்பரில் ஊசி பிடுங்கும்போது அளந்து, அதே பட்டையில் ஊசியின் நீளத்தையும் எழுதுங்கள். நீளம் கூடினால் அடுத்த ஆண்டு ஐந்து நாள் தள்ளி வெட்டலாம், ஊசி வளராமல் கருகினால் ஐந்து நாள் முந்தி. என் அடிக்கிளை போன மரத்தின் பட்டையில் இப்போது ஒன்பது தேதிகள் இருக்கின்றன. போன டிசம்பரில் எழுதியது: ஜூன் 24, மூன்றரை சென்டிமீட்டர்.